ஐந்து காடும் ஒன்பது கோளும்: காவிரிப் படுகையின் தல யாத்திரை

முக்கொம்பில் கொள்ளிடம் பிரிந்ததும் காவிரி சமவெளிக்கு வந்துவிடுகிறது. கல்லணைக்குக் கீழே வெண்ணாறு, குடமுருட்டி, வெட்டாறு, அரசலாறு, வீரசோழன் என்று பிரிந்துகொண்டே போய்க் கடலைத் தொடுகிறது. இந்த ஆறுகளுக்கு நடுவே கிடக்கும் வயல்வெளியில்தான் தமிழகத்தின் பழைய கோயில்களில் பெரும்பகுதி இருக்கிறது. தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் 274 என்பது பழைய கணக்கு. அவற்றில் 190 சோழநாட்டில் உள்ளன. காவிரிக்கு வடகரையில் 63, தென்கரையில் 127. ஆழ்வார்கள் பாடிய 108 திவ்விய தேசங்களிலும் 40 இந்த நாட்டுக்கு உரியவை. ஒரு கோயிலின் கோபுரத்தடியில் நின்றால் அடுத்த ஊர்க் கோயில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நெருக்கமான இடங்களும் இங்கே உண்டு.

இத்தனை கோயில்களில் எதை முதலில் பார்ப்பது, எதிலிருந்து எதற்குப் போவது, எந்த மாதத்தில் போவது என்ற கேள்விகளுக்கு ஒவ்வொரு காலமும் வேறு வேறு விடை சொல்லியிருக்கிறது. கோயில்கள் ஏறக்குறைய அவையேதான். அவற்றைக் கோத்த வழிதான் மாறிக்கொண்டு வந்திருக்கிறது. இன்று கும்பகோணத்தில் வந்து இறங்குபவர் கேட்கும் நவக்கிரக வழி மிக அண்மையில் போடப்பட்டது. அதற்கு அடியில் இன்னும் நான்கைந்து பழைய வழிகள் அழியாமல் கிடக்கின்றன.

தலங்களை வரிசைப்படுத்தும் பழக்கம் பாடியவர்களிடமிருந்தே தொடங்குகிறது. ஐயடிகள் காடவர்கோன் பாடியதாகச் சொல்லப்படும் க்ஷேத்திரத் திருவெண்பா, உடல் தளர்ந்து மூச்சு நிற்பதற்குள் இன்னின்ன ஊருக்குப் போய்விடு என்று நெஞ்சுக்குச் சொல்லும் நூல். அப்பரின் அடைவுத் திருத்தாண்டகமும் க்ஷேத்திரக் கோவைத் திருத்தாண்டகமும் ஊர்ப்பெயர்களை அடுக்கிச் சொல்பவை. அடைவுத் திருத்தாண்டகத்தில் பள்ளி, குடி, ஊர், காடு, துறை என்று பெயரின் ஈற்றைக் கொண்டு ஊர்கள் இனம் பிரிக்கப்பட்டுள்ளன. சுந்தரர் தம் பங்குக்கு ஊர்த்தொகை பாடினார். இவற்றைப் பாடலாகப் படிப்பதோடு, ஏழாம், எட்டாம் நூற்றாண்டுகளில் ஓர் அடியவர் நினைவில் வைத்திருந்த நாட்டுப்படமாகவும் படிக்கலாம். தனிப் பதிகம் கிடைக்காமல் இப்படிப்பட்ட அடுக்குகளில் பெயர் மட்டும் வந்த ஊர்கள் வைப்புத் தலங்கள் எனப்பட்டன. பெயர் ஒரே ஒரு முறை வந்ததற்காகவே பின்னாளில் தேடிப் போய் வணங்கப்பட்ட ஊர்கள் அவற்றில் பல.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணம் பாடியபோது, சம்பந்தரும் அப்பரும் சுந்தரரும் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போனார்கள் என்று வழியாகவே எழுதிவிட்டார். யாத்திரை எப்படி நடந்தது என்பதற்கு அதில் நல்ல சான்றுகள் கிடைக்கின்றன. திங்களூர் அப்பூதியடிகள், தாம் நேரில் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரில் தண்ணீர்ப்பந்தல் வைத்திருந்தார்; நிழலும் தண்ணீரும் வழிநடப்பவர்களுக்குக் காத்திருந்தன. திருநாவுக்கரசரான அப்பர் அந்தப் பந்தலைப் பார்த்துத்தான் பெயர் வைத்தவர் யார் என்று விசாரிக்கிறார். நடந்து போகும் யாத்திரிகருக்கு வழியில் என்ன வேண்டும் என்பதை அறிந்த ஒருவரை நாயன்மார் வரிசையில் வைத்த காப்பியம் அது. அதே திங்களூருக்கு இன்று வருகிறவர்களில் பெரும்பாலோர் சந்திரனை வணங்க வருகிறார்கள்.

தேவாரத் தலங்களைத் தலவரிசையில் எண்ணும் முறை ஆற்றோடு ஒட்டியது. வடகரை வரிசை தில்லையில் தொடங்கி, கடலோரத்தைச் சுற்றி, ஆற்றை எதிர்த்து மேற்கே போய், 63ஆவது தலமான திருஈங்கோய்மலையில் முடிகிறது. அங்கே ஆற்றைக் கடந்தால் எதிர்க்கரையில் குளித்தலைப் பக்கம் ஐயர்மலை. தென்கரையின் முதல் தலமான திருவாட்போக்கி அதுதான். பிறகு வரிசை ஆற்றோடு இறங்கித் திருமறைக்காடு, அகத்தியான்பள்ளி வழியாகக் கோடிக்கரையில் கடலைத் தொடுகிறது. எல்லாத் தலங்களையும் இந்த வரிசை தவறாமல் நடந்து கண்டவர்கள் எத்தனை பேர் இருந்தாலும் சரி, வரிசையை வகுத்தவர்கள் நாட்டை ஆற்றின் வழியே பார்த்தவர்கள். ஆறு கடக்கும் அந்த முனைக்கே ஒரு சிறிய யாத்திரை உண்டு. காலையில் கடம்பந்துறை, நண்பகலில் ஐயர்மலை, மாலையில் ஈங்கோய்மலை என்று மூன்றையும் ஒரே நாளில் தரிசிப்பது அந்தப் பக்கத்து வழக்கம். கார்த்திகை சோமவாரங்களில் அந்தக் கூட்டத்தை இன்றும் காணலாம்.

தலங்கள் இடம் மாறாமல் நிலைத்ததற்கு ஒரு காரணம், அவை கல்லுக்கு மாறியது. மூவர் பாடிய காலத்தில் இந்த வண்டல் நாட்டுக் கோயில்களில் பெரும்பாலானவை செங்கல்லும் மரமுமாக இருந்தன. படுகையில் பாறை கிடையாது. ஒவ்வொரு கல்லும் வெளியிலிருந்து வர வேண்டும். பத்தாம் நூற்றாண்டில் கண்டராதித்த சோழரின் தேவியார் செம்பியன் மாதேவி, கணவர் மறைந்த பிறகு நெடுங்காலம் வாழ்ந்து, பாடல் பெற்ற கோயில்களை ஒவ்வொன்றாகக் கற்றளியாக்கினார். கோனேரிராசபுரம், குற்றாலம் எனப்படும் குத்தாலம், ஆடுதுறை, திருக்கோடிக்காவல், விருத்தாசலம் ஆகியவை அவர் கைபட்டவை. கோனேரிராசபுரத்துக் கருவறைச் சுவரில் கண்டராதித்தர் இலிங்கத்தை வணங்கும் சிறு சிற்பம் ஒன்று இருக்கிறது. கோயிலைக் கணவர் பெயரால் எடுப்பித்ததை அதன் அருகில் உள்ள கல்வெட்டு சொல்கிறது. தம்முடைய உருவத்தை அந்த அம்மையார் அங்கே வைக்கவில்லை. திருக்கோடிக்காவலில் பழைய கட்டடத்தைப் பிரித்துக் கட்டும்போது, அதில் சிதறிக் கிடந்த பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் வெட்டச் செய்தார். இது பழைய கல்லிலிருந்து எடுத்த படி என்ற குறிப்போடு அவை இன்றும் உள்ளன. பழைய ஆவணத்தை இழந்துவிடக் கூடாது என்ற கவலை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு திருப்பணியில் இருந்திருக்கிறது. இன்று திருப்பணி என்ற பெயரில் கல்வெட்டுகளை மணல் பீய்ச்சி அழிப்பவர்களும், சுண்ணாம்பும் பெயிண்டும் பூசி மறைப்பவர்களும் முதலில் அந்தச் சுவரைப் போய்ப் பார்க்க வேண்டும்.

பதிகமும் கல்லும் இருந்தும், 190 தலங்களையும் ஒருவர் பார்த்து முடிப்பது கடினம். அதனால் சிறு தொகுதிகள் உருவாயின. அவற்றில் சில புராணக் கதையால் சேர்ந்தவை. சிவன் வீரம் காட்டிய எட்டு இடங்கள் அட்டவீரட்டம். அவற்றில் பெரும்பாலானவற்றை அப்பரே ஒரு பாட்டில் சேர்த்துச் சொல்லிவிட்டார். பிரமன் தலையைக் கொய்த கண்டியூர், தக்கன் வேள்வியை அழித்த பறியலூர், சலந்தரனை வென்ற விற்குடி, யானையை உரித்த வழுவூர், காமனை எரித்த குறுக்கை, காலனை உதைத்த கடவூர் என்று ஆறு சோழநாட்டில் இருக்கின்றன. அதிகையும் கோவலூரும் நடுநாட்டில். இந்த எட்டும் நெடுந்தொலைவு பரந்து கிடப்பவை. ஒரே மூச்சில் சுற்றிவருவதற்காகச் சேர்த்தவை என்று சொல்ல முடியாது.

சப்த விடங்கத் தலங்கள் அப்படியல்ல. திருவாரூர், திருநள்ளாறு, நாகைக்காரோணம், திருக்காறாயில், திருக்கோளிலி, திருவாய்மூர், திருமறைக்காடு ஆகிய ஏழும் படுகையின் கிழக்கு ஓரத்தில், பெரும்பாலும் வடக்கு தெற்காக அமைந்தவை. முசுகுந்தச் சோழன் இந்திரனிடமிருந்து ஏழு விடங்கர்களைப் பெற்று வந்தான் என்பது கதை. ஒவ்வொரு தலத்திலும் விடங்கரான தியாகராசருக்கு ஒரு நடனம்: ஆரூரில் அசபை, நள்ளாற்றில் உன்மத்தம், நாகையில் கடலலை எழுவது போன்ற தரங்கம். திருவாரூரைத் தலைமையாகக் கொண்ட ஒரு வழிபாட்டு மரபு, அதன் கீழுள்ள ஊர்களை ஒரே குடும்பமாகக் கட்டிவைத்த ஏற்பாடு இது. தியாகராசர் திருமேனியின் பெரும்பகுதி மூடியே இருக்கும். புறப்பாட்டின் போது தூக்குபவர்களின் அடியெடுப்பில்தான் அந்த நடனம் வெளிப்படுகிறது. எனவே இந்த ஏழையும் முழுதாகத் தரிசிக்க வேண்டுமென்றால் திருவிழாவன்று போக வேண்டும்.

யாத்திரிகரின் கால்நடையைக் கணக்கில் வைத்தே அமைந்த தொகுதி என்று பஞ்ச ஆரணியத்தைச் சொல்லலாம். ஐந்து காடுகள் என்பது பொருள். முல்லைக் காடான திருக்கருகாவூரில் விடியற்காலை, பாதிரிக் காடான அவளிவணல்லூரில் காலைச்சந்தி, வன்னிக் காடான அரித்துவாரமங்கலத்தில் உச்சிக்காலம், பூளைச் செடி மண்டிய ஆலங்குடியில் சாயரட்சை, வில்வக் காடான திருக்கொள்ளம்பூதூரில் அர்த்தசாமம். ஐந்து கோயில், ஐந்து காடு, ஒரு நாளின் ஐந்து பொழுது. நல்ல நடைக்காரர் ஒரு நாளில் முடித்துவிடலாம். ஒரு கோயிலில் ஒரு நாள் முழுக்க நடக்கும் பூசை முறையை எடுத்து, ஒரு வட்டாரத்தின் மேல் விரித்துவைத்த திட்டம் இது. நள்ளிரவை ஒட்டிச் சேரும் கொள்ளம்பூதூருக்கு ஓர் ஆறு குறுக்கே நிற்கிறது. வெள்ளத்தில் ஓடக்காரர் இல்லாதபோது சம்பந்தர் பதிகம் பாடி ஓடத்தைச் செலுத்திய ஊர் அது. தீபாவளியை ஒட்டி அந்த ஓடத் திருவிழா இன்றும் நடக்கிறது. வடகிழக்கு மழையில் ஆறு நிறைந்து ஓடும் வேளை அது என்பதால் ஓடம் விடத் தண்ணீர் இருக்கும்.

ஆற்றின் பருவம் திருவிழாவின் நாளை எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது என்பதற்கு இன்னும் தெளிவான சான்று திருவையாற்று ஏழூர்த் திருவிழா. பங்குனியில் திருமழபாடியில் நந்திதேவருக்கும் சுயசாம்பிகைக்கும் கல்யாணம். அதற்குப் பிறகு, சித்திரையில், ஐயாறப்பர் அம்மனுடன் கண்ணாடிப் பல்லக்கிலும், நந்திதேவர் தம் பல்லக்கிலுமாகப் புறப்பட்டு ஆறு ஊர்களுக்குப் போகிறார்கள். கல்யாணத்துக்குப் பழம் கொடுத்தது திருப்பழனம், சோறு திருச்சோற்றுத்துறை, வேதியர் வந்தது திருவேதிக்குடியிலிருந்து, பூ திருப்பூந்துருத்தி, நெய் தில்லைத்தானம் என்கிற திருநெய்த்தானம். கண்டியூரும் சேர்ந்தால் ஆறு. கல்யாணத்துக்கு உதவிய ஊர்களுக்கு வீட்டுக்காரரே நேரில் போய் முகம் காட்டிவரும் மரியாதை இது என்று ஊரார் சொல்வார்கள். ஒவ்வொரு ஊர்ச் சுவாமியும் தம் பல்லக்கில் எதிர்கொண்டு அழைத்து, பிறகு கூடவே புறப்பட்டுவிடுவார். மறுநாள் ஏழூர்ப் பல்லக்குகளும் திருவையாற்றுக்குள் வந்து சேர்ந்ததும், ஒரு பொம்மை பல்லக்குகளின் மேல் பூவைப் போடும். அதைப் பார்ப்பதற்கென்றே சுற்றுவட்டாரம் முழுக்கக் கூடியிருக்கும்.

இந்த ஏழு ஊர்களில் சில காவிரிக்கு வடக்கே, சில தெற்கே. நடுவில் குடமுருட்டியும் ஓடுகிறது. பல்லக்கு தூக்குகிறவர்கள் இந்த ஆறுகளைக் கடந்தாக வேண்டும். சித்திரையில் ஆறு வறண்டு மணலாகக் கிடக்கும். பல்லக்கு மணலில் இறங்கி ஏறிவிடலாம். தண்ணீர் வருவது ஆனி, ஆடியில்தான். மேட்டூர் அணை கட்டி 1934இல் திறக்கப்பட்ட பிறகு வழக்கமான நீர்த்திறப்பு ஜூன் 12 ஆனது. அதற்கு முன்பும் தென்மேற்குப் பருவமழை குடகில் பெய்த பிறகே ஆற்றில் வெள்ளம் வந்தது. சம்பா அறுவடை முடிந்து கையில் நெல்லும், வயலில் வேலையின்மையும், ஆற்றில் மணலும் ஒருசேரக் கிடைக்கும் மாதங்கள் பங்குனியும் சித்திரையும். திருவாரூர் ஆழித்தேர் உட்பட, ஊர்விட்டு ஊர் போகும் பெரிய விழாக்களும் பெருந்தேர்களும் இந்தப் பருவத்தில் குவிந்திருப்பதற்கு இதுவே போதுமான காரணம்.

நீராடும் யாத்திரைகளுக்கு நேர்மாறான பருவம் வேண்டும். ஐப்பசி முழுவதும் மயிலாடுதுறைத் துலாக்கட்டத்தில் காவிரி முழுக்கு. மாதத்தின் கடைசி நாள் கடைமுகம். அதற்குள் வந்து சேர முடியாத முடவன் ஒருவனுக்காகக் கார்த்திகை முதல் நாளிலும் அதே பலன் உண்டு என்று இறைவன் நீட்டித்துக் கொடுத்ததாகச் சொல்லி, முடவன் முழுக்கு நடக்கிறது. உடல் முடியாதவருக்கும் தாமதமானவருக்கும் ஒரு நாளை ஒதுக்கிவைத்த மரபு என்ற வகையில், படுகையின் சடங்குகளிலேயே கனிவு மிக்கது இதுதான் எனத் தோன்றுகிறது. மயிலாடுதுறையுடன் திருவெண்காடு, சாயாவனம், திருவிடைமருதூர், திருவையாறு, ஸ்ரீவாஞ்சியம் ஆகிய ஐந்தையும் சேர்த்துக் காசிக்கு நிகரான ஆறு தலங்கள் என்பார்கள். காசிக்குப் போக வசதியில்லாத குடியானவருக்குத் தம் ஊர் ஆற்றங்கரையிலேயே கங்கையைக் கொண்டுவந்து தரும் ஏற்பாடு அது.

கும்பகோணம் மகாமகமும் அந்தக் கருத்தில் வந்ததே. வியாழன் சிம்மத்தில் இருக்கும் ஆண்டில், மாசி மக நாளில், கங்கை முதலான நதிகள் மகாமகக் குளத்துக்கு வருகின்றன என்பது நம்பிக்கை. ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை இது வரும். அண்மையில் 2004, 2016, அடுத்து 2028. குளத்தைச் சுற்றியுள்ள 16 மண்டபங்கள் தஞ்சை நாயக்கர்களின் அமைச்சர் கோவிந்த தீட்சிதர் காலத்தவை. ஆயிரக்கணக்கானோர் இறங்கி ஏற வசதியாகப் படிக்கட்டுகளும், குளத்துக்குள் கிணறுகளாக இருபது தீர்த்தங்களும் உண்டு. குளத்தில் குளித்து, பொற்றாமரையில் குளித்து, காவிரியில் முடிப்பது முறை. 1992 பிப்ரவரி 18 மகாமகத்தில் நெரிசலில் சிக்கி நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரு குறிப்பிட்ட நேரத்தில் எல்லோரும் ஒரே நீர்நிலையில் இறங்க வேண்டும் என்ற நம்பிக்கையை, நகரத்தின் குறுகிய தெருக்களும் ஒரு குளத்தின் கரையும் தாங்க முடியாமல் போன துயரம் அது. அடுத்தடுத்த மகாமகங்களில் நீராட்டைப் பல நாட்களுக்குப் பிரித்து, வரும் வழியையும் போகும் வழியையும் தனித்தனியாக்கியது அந்த நாளின் விளைவு.

நடந்து போனவர்கள் எங்கே தங்கினார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்பது யாத்திரை வரலாற்றில் அதிகம் பேசப்படாத பகுதி. தஞ்சை மராத்திய மன்னர்கள் இதற்கு விடையாக இருந்தார்கள். காசியிலிருந்து இராமேசுவரம் போகும் பெருவழி தஞ்சை நாட்டின் ஊடாகப் போனது. அந்த வழியில் நீடாமங்கலம், ஒரத்தநாடு, இராசாமடம் என்று தென்கோடி வரை அவர்கள் சத்திரங்களைக் கட்டினார்கள். ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் இரண்டாம் சரபோசி காலத்தது. 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்குச் சரபோசி எழுதிய கடிதத்தில் சத்திரங்களின் வேலை விரிவாகச் சொல்லப்படுகிறது: சாதி பார்க்காமல் வருகிறவர்களுக்குச் சமைத்த சோறு, நோயுற்றவருக்கு வைத்தியமும் மருந்தும், வழியில் பேறுகாலம் வந்த பெண்களுக்குப் பராமரிப்பு, வழியிலேயே இறந்துபோனவர்களின் குழந்தைகளுக்கு உணவும் கல்வியும். இந்தப் பட்டியலைப் படித்தால், அக்கால யாத்திரையில் எத்தனை பேர் திரும்பி வராமல் போனார்கள் என்பது விளங்கும். இந்தச் சத்திரங்களை எடுத்துவிட்டால் இராமேசுவர யாத்திரை பணக்காரர்களின் பயணமாக மட்டும் சுருங்கியிருக்கும்.

அதே காலத்தில் தலபுராணங்களும் பெருகின. பதினாறாம் நூற்றாண்டில் தோன்றிய திருவாவடுதுறை, தருமபுரம் ஆதீனங்கள் கோயில்களை நிர்வகித்ததோடு புலவர்களையும் ஆதரித்தன. திருவாவடுதுறை மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) பல ஊர்களுக்குத் தலபுராணம் பாடியவர். ஊர்ப் பெரிய மனிதர்கள் கேட்டுக்கொள்ள, வடமொழி மூலத்தை வைத்துக்கொண்டு தமிழில் பாடி, அந்தக் கோயில் மண்டபத்திலேயே அரங்கேற்றுவது வழக்கம். தலவிருட்சம், தீர்த்தம், வழிபட்டுப் பேறு பெற்றவர் என்று இன்று கோயில் வாசல் பலகையில் எழுதியிருக்கும் செய்திகளில் பெரும்பாலானவை இந்தப் புராணங்களிலிருந்து வந்தவை. இன்ன குறைக்கு இன்ன தலம் என்ற எண்ணமும் அவற்றில் வளர்ந்தது.

1860களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு இரயில் வந்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் மாயவரமும் கும்பகோணமும் சென்னையோடு இணைந்தன. அதன் பிறகு நிலையம் உள்ள ஊர்கள் யாத்திரையின் தலைவாயில்கள் ஆயின. வைத்தீசுவரன்கோயில், ஆடுதுறை, திருவிடைமருதூர், சுவாமிமலை ஆகியவை இரயிலடி கிடைத்த ஊர்கள். இவற்றுக்குக் கூட்டம் பெருகியது. வெட்டாற்றங்கரை ஊர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பஞ்ச ஆரணியம் போன்ற நடைவழிகள் மங்கத் தொடங்கியதில் இரயிலுக்குப் பங்குண்டு. நடையை விடாதவர்களும் இருக்கிறார்கள். சித்திரையில் செட்டிநாட்டிலிருந்து நகரத்தார்கள் கையில் கோலுடன் வைத்தீசுவரன்கோயிலுக்கு நடந்தே போகிறார்கள்.

இந்த இடத்தில்தான் ஒன்பது கோள்களின் வழி வருகிறது. சூரியனார்கோயில், திங்களூர், வைத்தீசுவரன்கோயில், திருவெண்காடு, ஆலங்குடி, கஞ்சனூர், திருநள்ளாறு, திருநாகேசுவரம், கீழப்பெரும்பள்ளம் என்ற ஒன்பதையும் ஒரே சுற்றாகச் சேர்த்துப் பார்ப்பது இருபதாம் நூற்றாண்டில் பரவிய வழக்கம். பேருந்தும் வாடகைக் காரும், வார இதழ்களின் ராசிபலன் பக்கமும் சேர்ந்து இதை வளர்த்தன. ஒன்பதில் ஆறு கோயில்கள் தேவாரம் பெற்றவை. மூவர் அந்த ஆறு கோயில்களிலும் பாடியது சிவனை, கோளை அல்ல. சூரியனை மூலவராகக் கொண்டது சூரியனார்கோயில் ஒன்றுதான். அது முதலாம் குலோத்துங்கன் காலத்தது. மற்ற எட்டிலும் மூலவர் சிவபெருமான். கோளுக்குரிய இடம் ஒரு சிறு சன்னிதி. கோள்கள் அடியவரை ஒன்றும் செய்யா, நல்லனவே செய்யும் என்று கோளறு பதிகம் பாடியவர் சம்பந்தர். திருமறைக்காட்டிலிருந்து மதுரைக்குப் புறப்படும்போது நாள் நன்றாக இல்லை என்று அப்பர் தடுக்க, அதற்கு விடையாகப் பிறந்தது அந்தப் பதிகம். பின்பு மதுரை அனல்வாதத்தில் தீயில் இட்டும் வேகாமல் பச்சையாக இருந்த ஏடு, அவர் பாடிய திருநள்ளாற்றுப் பதிகம். கோளுக்கு அஞ்ச வேண்டாம் என்றவரின் பச்சைப் பதிகத்துக்குரிய கோயில் இன்று சனிக்கு அஞ்சி வருகிறவர்களால் நிறைகிறது. பதிகத்தையும் ஒரு முறை ஓதிவிட்டுத் திரும்பினால் அந்த அச்சம் பாதி குறைந்துவிடும்.

ஆலங்குடியை அருகில் நின்று பார்த்தால் இந்த மாற்றம் நன்றாகப் புரியும். ஊரின் தேவாரப் பெயர் இரும்பூளை. மூலவர் ஆபத்சகாயேசுவரர். கருவறையின் தெற்குச் சுவர்க் கோட்டத்தில் தட்சிணாமூர்த்தி இருக்கிறார். சோழர் காலச் சிவன் கோயில் எதிலும் தெற்குக் கோட்டம் அவருக்கு உரியது. கல்லால மரத்தடியில் முனிவர்களுக்கு மௌனமாக உபதேசிக்கும் சிவ வடிவம் அது. வியாழன் தேவர்களின் ஆசிரியன், தட்சிணாமூர்த்தி எல்லோருக்கும் ஆசிரியன்; இருவரும் குரு என்பதால் காலப்போக்கில் ஒருவர் மற்றவர் ஆகிவிட்டார். இன்று வியாழக்கிழமைகளில் வரிசை அந்தக் கோட்டத்தை நோக்கித்தான் நகர்கிறது. மஞ்சள் துணி, கொண்டைக்கடலை மாலை, 24 நெய்விளக்கு. தட்சிணாமூர்த்தியை வணங்கிவிட்டு மூலவரைப் பார்க்காமலே வெளியேறுபவர்களும் உண்டு. குருப்பெயர்ச்சி நாளில் ஆலங்குடிக்கு வரும் கூட்டத்தில், அது ஐந்து காடுகளில் நான்காவது என்றும், அதற்கு உரிய பொழுது மாலை என்றும் அறிந்தவர்கள் மிகச் சிலர். திருநள்ளாறும் அப்படியே: ஏழு விடங்கர்களில் ஒருவரான நகவிடங்கர் அங்கே தியாகராசராக எழுந்தருளியிருக்கிறார். சனீசுவரர் சன்னிதிக்குப் போகும் வரிசையிலிருந்து சில அடி விலகினால் அவரைத் தரிசிக்கலாம்.

சனிப்பெயர்ச்சியின் நாளிலும் ஒரு சிக்கல் உண்டு. திருநள்ளாறு வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுகிறது. இன்னொரு பஞ்சாங்கமான திருக்கணிதப்படி சனி 2023 ஜனவரியில் கும்பத்துக்குப் போய்விட்டது. கோயிலில் பெயர்ச்சி விழா நடந்தது 2023 டிசம்பர் 20இல். 2025 மார்ச்சில் திருக்கணிதப் பெயர்ச்சி வந்தபோதும், தங்கள் கோயிலில் அது 2026இல்தான் என்று நிர்வாகம் அறிவிக்க வேண்டியிருந்தது. தேதி பார்த்து வருகிறவர்கள் எந்தப் பஞ்சாங்கம் என்று கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது.

நவக்கிரக வழியால் வந்த நன்மையை மறைக்கக் கூடாது. கீழப்பெரும்பள்ளம் போன்ற சிற்றூர்க் கோயில்களில் விளக்கு எரிவதற்கு இந்த யாத்திரிகர்களே காரணம். பூக்கடை, விளக்குக்கடை, ஆட்டோ என்று ஊருக்கும் பிழைப்பு கிடைத்தது. 2024இல் அரசுப் போக்குவரத்துக் கழகம் கும்பகோணத்திலிருந்து வார இறுதிகளில் ஒன்பது கோயில்களையும் ஒரே நாளில் காட்டும் பேருந்தைத் தொடங்கியது. கார் வைக்க முடியாதவர்களுக்கு அது உதவி. குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு நாளில் ஒன்பது என்றால் ஒரு கோயிலுக்குக் கிடைப்பது அரை மணி. நண்பகலில் நடை சாத்தினால் மாலை நான்கு மணி அளவில்தான் திறப்பார்கள் என்பதால் பாதி நாள் கையை விட்டுப் போகிறது. கருவறைச் சுவர்ச் சிற்பம், கல்வெட்டு, தலமரம் எதற்கும் நேரமில்லை. திருமணத்துக்குத் திருமணஞ்சேரி, கருவுக்குத் திருக்கருகாவூர், அறுபதுக்கும் எண்பதுக்கும் திருக்கடவூர், படிப்புக்குக் கூத்தனூர் என்று வரும் பரிகாரத் தலங்களிலும் இதே நிலை. காரியம் முடிந்ததும் வண்டி கிளம்பிவிடுகிறது.

எந்தப் பரிகாரத்துக்கும் சொல்லப்படாத கோயில்களின் கதை தனி. பாடல் பெற்றிருந்தும் ஒரு காலப் பூசையோடு நிற்கும் தலங்கள் படுகையில் நிறைய. ஒரே குருக்கள் மூன்று நான்கு ஊர்களைப் பார்த்துக்கொள்கிறார். சைக்கிளிலோ மொபெட்டிலோ வந்து, நைவேத்தியம் காட்டி, பூட்டிவிட்டு அடுத்த ஊருக்குப் போகிறார். இப்படிப்பட்ட கோயிலுக்குப் போகிறவர் குருக்கள் வீட்டை விசாரித்து, முன்கூட்டியே சொல்லிவைத்துப் போக வேண்டும். உற்சவர்கள் பல கோயில்களில் இருப்பதில்லை. பத்தூர் நடராசர் இலண்டன் வரை போய் வழக்காடி 1991இல் திரும்பினார். ஸ்ரீபுரந்தான் நடராசர் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்திலிருந்து 2014இல் வந்தார். இத்தகைய திருட்டுகளுக்கு அஞ்சி, காவல் இல்லாத கோயில்களின் செப்புத் திருமேனிகளைத் திருவாரூர் முதலிய இடங்களின் பாதுகாப்பு மையங்களில் வைத்திருக்கிறார்கள். திருவிழா வந்தால் ஊரார் மனுக்கொடுத்து, காவலுடன் சுவாமியை அழைத்துவந்து, விழா முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் வைக்கிறார்கள்.

இந்தக் கோயில்களைத் திறந்து வைத்திருப்பவர்கள் இன்று பெரும்பாலும் அமைப்பாகச் சேர்ந்த யாத்திரிகர்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனில் வந்து புல்லைச் செதுக்கி, விமானத்தில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கிப் போகும் உழவாரப்பணிக் குழுக்கள் இருக்கின்றன. தலவரிசைப்படி ஒவ்வொரு ஊராகப் போய் அந்தந்த ஊர்ப் பதிகத்தை மட்டும் ஓதிவரும் திருமுறைக் குழுக்களும் உண்டு. பிரதோஷத்தன்று மாலை நாலரை முதல் ஆறு மணிக்குள் போனால், மற்ற நாளில் பூட்டியிருக்கும் சிற்றூர்க் கோயிலும் பெரும்பாலும் திறந்திருக்கும். நந்திக்கு அபிடேகம் செய்ய ஊரார் இருபது முப்பது பேராவது வந்திருப்பார்கள். மேற்கே குளித்தலை முதல் கிழக்கே வேதாரணியம் வரை 190 தலங்களையும் பார்க்க நினைக்கிறவர்கள் அவற்றில் பாதியை இப்படிப் பிரதோஷம் பிரதோஷமாகவே முடிக்கிறார்கள்.